ஏரிக்கரையும் சந்தைத் திடலும்

மே மாதத்து நண்பகலில் வத்தலக்குண்டில் பேருந்து ஏறுபவர், கழுத்தில் வழியும் வியர்வையைத் துடைத்தபடி சன்னலோர இருக்கையைத் தேடுவார். புளிய மரங்களும் தென்னந்தோப்புகளும் பின்தங்க, மலைப்பாதையின் வளைவுகள் தொடங்கும். பாதி உயரத்தில் நிழல்மரங்களின் கீழே காப்பிச் செடிகள் தென்படும். இன்னும் மேலேறினால் தைல மரங்களின் மணம் காற்றில் கலந்து வரும். மூன்று மணி நேரத்துக்குள் அதே மனிதர் கம்பளிச் சட்டையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு இறங்குவார். இதில் மாயம் ஒன்றும் இல்லை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடுந்தோறும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை செல்சியசு குறைகிறது. பழனி மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல். மேகமூட்டமும் காட்டின் ஈரமும் சேர்ந்துகொள்ள, மதுரை தகித்துக் கிடக்கும் நாளிலும் அங்கே போர்வை தேவைப்படுகிறது.

விடுமுறைக்கு வருவோரின் இரண்டு நாள்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் கழிகின்றன. ஏரியில் படகு, கரையில் மிதிவண்டி அல்லது குதிரைச் சவாரி, பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் நடைபாதை, தூண் பாறைகள், திரைப்படம் ஒன்றால் பெயரே மாறிப்போன ஒரு குகை, பைன் மரக்காட்டில் சில ஒளிப்படங்கள், திரும்பும்போது ஒரு பெட்டி சாக்லேட்டு. ஊரைப் பார்த்துவிட்டோம் என்ற நிறைவோடு அவர்கள் கீழிறங்குகிறார்கள். அவர்கள் பார்த்தவற்றுள் பலவும் பார்ப்பதற்காகவே செய்யப்பட்டவை. ஏரிகூட அப்படித்தான். அந்த ஊர் எதை விளைவித்து, எதை விற்று, எந்த நீரைக் குடித்து வாழ்கிறது என்பதை அறிய விரும்புபவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரையை விட்டு நகரின் வாரச்சந்தைக்கு நடந்து செல்ல வேண்டும்.

மனிதர் தேக்கிய நீர்

இன்று ஏரி இருக்கும் இடம் ஒருகாலத்தில் சதுப்பு நிலம். சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து இறங்கிய ஓடைகள் அங்கே கூடி, புல்லுக்கும் சேற்றுக்கும் இடையில் தேங்கி, பிறகு வழிந்து சென்றன. 1863ஆம் ஆண்டில் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு என்பவர் அந்த ஓடைகளின் வழியை மறித்துக் கரை எழுப்பச் செய்தார். பள்ளத்தாக்கின் கிளைகள்தோறும் நீர் புகுந்து நின்றதால், ஏரி விண்மீன் போன்ற வடிவம் பெற்றது. அதன் பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். சுற்றிவரும் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். பணி ஓய்வுக்குப் பின்னும் லெவிஞ்சு அந்த மலையிலேயே தங்கிவிட்டார். 1890இல் அங்கே படகுக் குழாம் ஒன்று தொடங்கப்பட்டது.

ஏரி வெட்டப்பட்டதற்கு முன்பே வெள்ளையரின் குடியிருப்பு அங்கே வேரூன்றியிருந்தது. 1821இல் வார்டு என்னும் படை அதிகாரி பழனி மலைகளை அளந்து விவரம் எழுதினார். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர்கள் காலராவாலும் காய்ச்சலாலும் தம் குடும்பத்தினரை அடுத்தடுத்து இழந்தபோது, உயிர் தப்ப ஓர் இடம் தேடி 1845இல் இந்த மலையில் இரண்டு வீடுகளைக் கட்டினர். கொடைக்கானல் என்னும் விடுமுறை நகரின் தொடக்கம் கேளிக்கையில் இல்லை. நோய்க்கு அஞ்சி ஏறியவர்களின் அச்சத்தில் இருக்கிறது.

அக்காலத்தில் மலையேறுவது எளிய செயலன்று. பெரியகுளம் பக்கத்து அடிவாரம்வரை மாட்டு வண்டி. அங்கிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. நடக்க இயலாதோரையும் நடக்க விரும்பாதோரையும் மலையடிவாரத்து மக்கள் டோலியில் வைத்துத் தோளில் சுமந்து ஏறினர். பெட்டிகளும் பாத்திரங்களும் மேசை நாற்காலிகளும்கூடத் தலைச்சுமையாகவே மேலே போயின. முதல் உலகப் போர்க் காலத்தையொட்டித்தான் வத்தலக்குண்டு வழியாக வண்டிகள் செல்லும் சாலை அமைந்தது. நடைபாதைக்குக் கோக்கரின் பெயர், பூங்காவுக்குப் பிரையண்டின் பெயர், மலைச்சாலைக்கு லாவின் பெயர் என்று ஊரெங்கும் பெயர்கள் நிலைத்துவிட்டன. சுமந்து ஏறியவர்களுள் ஒருவரின் பெயரும் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்கள் நடந்த வழிகள் மட்டும் மீந்திருக்கின்றன. வட்டக்கானலுக்குக் கீழே, கும்பக்கரை நோக்கி இறங்கும் வழியில் இருக்கும் வெள்ளகவி என்னும் சிற்றூருக்கு நெடுங்காலம் சாலை கிடையாது. விளைபொருள்களைக் குதிரைகளின் முதுகில் ஏற்றியே அவ்வூரார் மேலே கொண்டுவந்தனர்.

இந்த உயரத்தின் தெளிந்த காற்றைத் தேடி மற்றொரு பயணியும் வந்தது. அதுதான் சூரிய ஆய்வகம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனில் தோன்றும் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயும் எண்ணம் வலுத்தது. அதன் விளைவாக 1899இல் கொடைக்கானலில் ஆய்வகம் நிறுவப்பட்டது. 1909இல் ஜான் எவர்ஷெட் என்னும் அறிவியலாளர் சூரியக் கரும்புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்தே கண்டறிந்தார். நூறாண்டுக்கும் மேலாக எடுக்கப்பட்ட சூரியனின் படங்கள் அங்கே சேர்த்துவைக்கப்பட்டுள்ளன. பஞ்சத்தில் மடிந்த சமவெளி உழவர்களின் நினைவு அந்த மலையுச்சிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருப்பதைப் படகுத்துறைக்கு விரையும் பயணிகள் பெரும்பாலும் அறிவதில்லை.

மேல்மலையின் வாரச்சந்தை

சுற்றுலாக் கையேடுகள் கொடைக்கானலின் வரலாற்றை 1845இல் தொடங்கும். மலையில் மனித வாழ்வு அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகள் முந்தியது. சங்க இலக்கியத்தில் கோடை மலையும் அதன் தலைவன் கடிய நெடுவேட்டுவனும் குறிக்கப்படுகின்றனர். அம்மலை இன்றைய கொடைக்கானல் பகுதியே என்று அறிஞர் கொள்வர். மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் உள்ள பழனி, மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் பொதினி. கீழ்மலைப் பகுதிகளில் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் பல நிற்கின்றன. தாண்டிக்குடியில் நடந்த அகழாய்வில், அந்த மலையில் இயற்கையாகக் கிடைக்காத சூதுபவள மணிகள் கிடைத்தன. மிளகும் தேனும் ஏலமும் தரும் மலைக்குத் தொலைவிலிருந்து மணிகள் வந்து சேர்ந்தன என்றால், ஏரியில் முதல் படகு மிதப்பதற்கு முன்பே அங்கே கொள்வினை கொடுப்பினை இருந்தது என்பது தெளிவு.

அந்தக் கொள்வினை கொடுப்பினையின் இன்றைய வடிவமே ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பொழுது புலர்வதற்கு முன்பே சிறு சரக்குந்துகளும் பேருந்துகளும் சுற்றுப்புற ஊர்களிலிருந்து வந்து நிற்கின்றன. மலைமக்கள் தம் நிலத்தை மேல்மலை, கீழ்மலை என இரண்டாகப் பகுத்துச் சொல்வர். மேல்மலை என்பது பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கூக்கால் முதலிய உயரமான ஊர்கள், குளிர் மிகுந்தவை, பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் அங்கிருந்து வருகின்றன. கீழ்மலை என்பது தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய இடைமலை ஊர்கள். காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு ஆகியவற்றின் நிலம். சந்தைத் திடலில் ஒரு சுற்றுச் சுற்றி வருபவர், தார்ப்பாயில் குவிந்திருக்கும் பொருளைக் கொண்டே விற்பவர் எந்த உயரத்திலிருந்து வந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். நிலநூல் வகுப்பில் படமாக வரையப்படும் உயர அடுக்கு, அங்கே கூடை கூடையாக அமர்ந்திருக்கிறது.

மாதமும் கூடைகளில் தெரியும். மே, சூன் மாதங்களில் கருஞ்சிவப்புப் பிளம்சுப் பழங்கள் திடலை நிறைக்கும். அவற்றை அடுத்துப் பேரிக்காய் வரும். வெண்ணெய்ப் பழம், மரத்தக்காளி, சமவெளியார் பெயர் கேட்டு வியக்கும் தாட்பூட் பழம் ஆகியவையும் உரிய காலத்தில் தலைகாட்டும். பிளம்சும் பேரியும் உருளையும் அயல்நாட்டார் வழியாக வந்து மலைமண்ணில் குடியேறியவை. சௌசௌ கொடி வீட்டுக்கு வீடு பந்தலேறிவிட்டதால், அதை வேற்றுநாட்டுக் காய் என்று சொன்னால் அவ்வூர்ப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

இவற்றுள் தனித்து நிற்பது மலைப்பூண்டு. காரமும் மணமும் மிகுந்தது, நெடுநாள் கெடாதது. அறுவடையான பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாகப் பிணைத்து, அடுப்பின் புகை படும்படி மேலே தொங்கவிட்டுக் காக்கும் வழக்கம் மேல்மலை வீடுகளில் உண்டு. புகை பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்கும். குளிர்ந்த காற்று முளைப்பதைத் தாமதப்படுத்தும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. குறிப்பிட்ட நிலத்தின் மண்ணும் காலநிலையும் மக்களின் கைப்பக்குவமும் சேர்ந்து ஒரு பொருளுக்குத் தரும் தனித்தன்மையைச் சட்டம் ஏற்றுக்கொள்வதே அக்குறியீடு. அந்நிலத்தில் விளையாத பூண்டை அப்பெயரால் விற்பது சட்டத்துக்கு மாறானது. எனினும் சாலையோரக் கடைகளில் எல்லாப் பூண்டும் மலைப்பூண்டாகிவிடுவதைத் தடுப்பது எளிதாக இல்லை. சந்தையில் வாங்குவோர் கையில் ஒரு பூண்டை எடுத்து உருட்டியபடி, "மலைப்பூண்டுதானாக்கா?" என்று கேட்பது வழக்கம். "பூம்பாறைப் பூண்டுங்க, உரிச்சு மோந்து பாருங்க" என்று மறுமொழி வரும். குறியீட்டு முத்திரையைவிட மூக்கையே அங்கே சான்றாக அழைக்கிறார்கள்.

சந்தைத் திடலில் சில்லறையாக விற்பது விளைச்சலின் ஒரு பகுதியே. பெரும்பகுதி கீழே இறங்கிவிடுகிறது. காய்கறி மூட்டைகள் ஒட்டன்சத்திரம், மதுரைச் சந்தைகளுக்கும், பூண்டு மூட்டைகள் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கும் போகின்றன. விலையை நிறுவுவது அந்தக் கீழ்நாட்டுச் சந்தைகள்தாம். அங்கே வடநாட்டுப் பூண்டு மலிந்து வந்து குவியும் நாளில் மேல்மலையின் உழைப்புக்கு மதிப்புக் குறைந்துவிடும். விதைப்பூண்டு, உரம், களையெடுப்புக் கூலி, வண்டி வாடகை என்று செலவு கூடிக்கொண்டேயிருக்க, வரவு மட்டும் ஏறி இறங்குகிறது. அடுக்கடுக்கான பாத்திகளைச் சாலையிலிருந்து கண்டு வியக்கும் பயணிகளுக்கு, அந்தப் பாத்திகளை விற்றுவிட்டு விடுதிக்கு இடம் கொடுக்கும்படி உழவருக்கு வரும் அழைப்பு தெரிவதில்லை. நிலத்தின் விலை பூண்டின் விலையை எப்போதோ கடந்துவிட்டது. சந்தைக்குப் பொருள் வருவது குறையும் நாள் ஒன்று வருமானால், அதன் காரணத்தை வறட்சியில் மட்டும் தேடிப் பயனில்லை.

சந்தையில் கூடும் மக்களும் பல திசைகளிலிருந்து வந்தவர்கள். மலையைத் தொன்றுதொட்டு அறிந்த பளியர். மேல்மலையில் உழுது வாழும் குன்னுவர். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து 1964ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பிறகு தாயகம் திரும்பி, இந்த மலைக்காடுகளில் சீகை மரப்பட்டை உரிக்கும் கூலிகளாக அல்லலுற்ற மலையகத் தமிழர். கம்பளி ஆடை விற்கும் திபெத்தியர். ஒரு நகரத்தில் இத்தனை வகை மக்கள் ஒரே தராசின் முன் நிற்கும் இடம் சந்தையன்றி வேறில்லை. ஏரியைச் சுற்றியுள்ள சாலையில் வருவோரும் போவோரும் மட்டுமே. வாழ்வோரைக் காண்பது அரிது.

பயணிகள் நினைவுப்பொருளாக வாங்கும் சாக்லேட்டைப் பற்றி ஒரு சொல். கோகோ மரம் அந்தக் குளிரில் விளைவதில்லை. மூலப்பொருள் கீழிருந்துதான் மேலே போகிறது. உருகாமல் இறுகுவதற்கு ஏற்ற குளிர் மட்டுமே மலையின் பங்கு. சுவைக்கு அதனால் குறைவில்லை. ஆனால் மலையின் விளைச்சலை வீட்டுக்குக் கொண்டுசெல்ல எண்ணுபவர் கால் கிலோ பூண்டு வாங்குவதே பொருத்தம்.

நீர் வரும் வழி

ஏரிக்கும் சந்தைக்கும் வேர் ஒன்றே, அது சோலைக்காடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளில் மலைமுகடுகள் புல்வெளியாகவும், அவற்றுக்கிடையேயான மடிப்புகள் அடர்ந்த குறுமரக் காடாகவும் இருப்பது இயற்கை அமைப்பு. பார்வைக்கு வெற்று மேடாகத் தோன்றும் புல்வெளி மழைநீரை ஓடவிடாமல் மண்ணுக்குள் இறக்கும். சோலையின் அடியில் நூற்றாண்டுகளாக மக்கிய இலைச்சருகு பஞ்சுபோல நீரை ஏற்று வைத்திருந்து, சிறிது சிறிதாகக் கசியவிடும். மரக்கிளைகளில் படரும் பாசிகள் மூடுபனியின் ஈரத்தையும் வடித்துத் தரும். மழை நின்று பல மாதங்கள் ஆன பிறகும் ஓடைகள் வற்றாமல் இருப்பதற்கு இந்த மெல்லிய கசிவே காரணம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிச் செடிக்கும் இப்புல்வெளிச் சரிவுகளே வீடு. 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் பூக்க வேண்டும். பூப்பதற்குப் புல்வெளி மீந்திருக்க வேண்டும்.

வெள்ளையர் ஆட்சிக்காலத்திலும் விடுதலைக்குப் பின்னரும், புல்வெளிகளைப் பயனற்ற தரிசு என்று கருதிய வனவியல், அவற்றில் தைல மரத்தையும் சீகையையும் பைனையும் வரிசை வரிசையாக நட்டது. விறகும் தோல் பதனிடும் பட்டையும் காகிதக் கூழும் கிடைத்தன. விரைந்து வளரும் அம்மரங்கள் நிலத்து நீரை மிகுதியாக உறிஞ்சின; சீகை தானே பரவிப் புல்லை அழித்தது; பைனின் ஊசியிலைப் படுகையின்மேல் வேறு செடி எளிதில் முளைப்பதில்லை. பயணிகள் இயற்கையின் அழகென்று ஒளிப்படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடு, மலையின் இயற்கைக்கு நேர்ந்த மாற்றத்தின் படமும் ஆகும். 2013இல் கொடைக்கானல் காட்டுயிர்ச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பின் சோலைகளுக்குக் கூடுதல் காப்பு கிடைத்துள்ளது. மேய்ச்சல் நிலம் சுருங்கிப்போன காட்டெருமைகள் மட்டும், இரவில் நகரத் தெருக்களில் இறங்கி நடக்கும் பழக்கத்தை விட்டபாடில்லை.

மலையின் நீர் மலையோடு நிற்பதுமில்லை. ஏரியிலிருந்து வழியும் நீரே, மலைச்சாலையில் வண்டிகள் நின்று பார்க்கும் வெள்ளி அருவியாக ஏறத்தாழ 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது. காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரி, அடிவாரத்துப் பெரியகுளம் நகருக்குக் குடிநீர் தருகிறது. ஏரிக்கரையில் எறியப்படும் ஒரு நெகிழிப் பைக்கு அருவியும் ஆறும் சமவெளியும் அடுத்தடுத்த நிறுத்தங்கள்.

விருந்தினரின் பாரம்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கொடைக்கானல் நகரில் வாழ்ந்தோர் 36,501 பேர். கோடை விடுமுறையில் அங்கே வந்து போவோரின் எண்ணிக்கை அதைப் பன்மடங்கு விஞ்சும். குடிநீர்த் தேக்கங்களின் கொள்ளளவு விருந்தினரைக் கண்டு பெருகுவதில்லை. மனோரஞ்சிதம் நீர்த்தேக்கமும் ஆய்வகத்தை அடுத்த தேக்கமும் வற்றத் தொடங்கும் மாதங்களில்தான் விடுதிகள் நிறைகின்றன. தண்ணீர் வண்டியை விடுதி விலை கொடுத்து வாங்கிவிடும். குன்றின் சரிவில் குடியிருக்கும் கூலித் தொழிலாளியின் வீட்டுக் குழாயில் நீர் வரும் நாள்களின் இடைவெளி நீளும். ஏரியும் தப்பவில்லை. சுற்றிலும் பெருகிய கட்டடங்களின் கழிவுநீர் கலந்ததால் நீர்க்களைகள் மண்டின. களையை அகற்றும் பணி ஒருபுறம் நடக்க, களைக்கு உணவாகும் கழிவு மறுபுறம் வந்து சேர்கிறது.

கண்ணுக்குத் தெரியாத மாசும் ஒன்று உண்டு. 1980களில் நகரில் வெப்பமானி உருவாக்கும் தொழிற்சாலை ஒன்று தொடங்கப்பட்டது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் கடையில் குவிந்து கிடப்பது 2001இல் வெளிப்பட, மக்கள் போராடினர். அவ்வாண்டே ஆலை மூடப்பட்டது. பாதரசம் அறையின் வெப்பத்திலேயே ஆவியாகக்கூடியது. காற்றில் ஏறி, மழையோடும் பனியோடும் இறங்கி, நீர்நிலையின் வண்டலில் படிந்து, மீன்களின் உடலில் சேரும். ஆலை ஏரிக்கரையில் இல்லை. எனினும் கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை அறிவியலாளர் அளந்து வெளியிட்டனர். ஆலையில் வேலை செய்தோர் தம் உடல்நலத்துக்காக நெடுங்காலம் வழக்காடினர். தூய காற்றுக்குப் பெயர் பெற்ற மலையில் அது நிகழ்ந்தது.

வருவோர் தொகைக்கு வரம்பு வேண்டும் என்னும் எண்ணம் நீதிமன்றத்தை எட்டியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உதகமண்டலத்துக்கும் வெளியூர் வண்டிகளில் செல்வோர் மின்னணு அனுமதிச்சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. எத்தனை வண்டிகளை அந்த மலைகள் தாங்கும் என்று கணக்கிடும் ஆய்வும் தொடங்கியது. 2025 ஏப்ரலில் கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 என வண்டிகளின் எண்ணிக்கைக்கு எல்லை வகுக்கப்பட்டது. வணிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களின் கவலையைப் பொருட்படுத்தாமல் தள்ளிவிட முடியாது. அறைகளைத் துப்புரவு செய்பவர், குதிரை பிடிப்பவர், சுடுசோளம் விற்பவர் ஆகியோரின் அன்றாட அடுப்பு பயணிகளை நம்பி எரிகிறது. ஆனால் நீரும் சோலையும் கெட்டபின் பயணிகளும் வரமாட்டார்கள் என்பதும் அவ்வணிகர்களுக்குத் தெரியாததன்று. எல்லை எங்கே என்பதில்தான் வழக்கு. எல்லையே வேண்டாம் என்று வாதிடுவோர் குறைந்து வருகின்றனர்.

பயணத்தின் காலத்தை மாற்றிக்கொண்டாலே பாரம் ஓரளவு குறையும். ஏப்ரலிலும் மேயிலும் கூட்டத்தில் சிக்கி, ஏரிக்கு ஒரு கிலோமீட்டர் முன்பாகவே வண்டியில் அமர்ந்திருப்பதைவிட, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சனவரியில் செல்வது நல்லது. அதிகாலையில் புல்நுனிகளில் உறைபனி வெள்ளுப்பாகப் படிந்திருக்கும், ஓடைகளில் நீர் நிறைந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும். நகரப் பேருந்தில் பூம்பாறைக்குச் சென்றால், மலைச்சரிவில் படிக்கட்டுபோல இறங்கும் பாத்திகளுக்கு நடுவே ஓடு வேய்ந்த வீடுகளையும் குழந்தை வேலப்பர் கோயிலையும் காணலாம். வழிநெடுக நடப்பவை அங்கே வேலைகள். காட்சிகளாக அமைக்கப்பட்டவை குறைவு.

ஞாயிறு மாலை நான்கு மணியளவில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கும். சந்தைத் திடலில் விலைகள் இறங்கும். மிச்சமிருக்கும் முட்டைக்கோசைத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லாத பெண், கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு, முடிச்சவிழ்த்துப் பணத்தை எண்ணுவார். அரிசி, மண்ணெண்ணெய், பிள்ளைக்கு ஒரு குறிப்பேடு, முடிந்தால் அரைக்கிலோ மீன் என்று அந்தப் பணம் திடலின் மறுபுறத்திலேயே கைமாறும். ஊர் இறங்கும் சாலையில் விடுமுறை முடிந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கேற்றி நகரும். எதிர்த்திசையில், மன்னவனூர் செல்லும் பேருந்தின் கூரையில் வெறுங்கூடைகளை ஏற்றிக் கயிற்றால் கட்டுவார்கள். நடத்துநர் இரண்டாம் முறை ஊதல் ஊதியபின், கடைசியாக ஒருவர் விதைப்பூண்டு மூட்டையோடு ஓடி வந்து ஏறுவார்.